அடியில்லாத சுவர்

வீடு கட்டுகிறவர்கள் முதலில் அஸ்திவாரம் போட்டு, அதன்மேல் சுவரை எழுப்புவார்கள். சுவர் என்று இருந்தால் அதற்குத் தலை ஒன்று இருக்கும். அடி ஒன்று இருக்கும். அடியில் தரை இருக்கும். பரணில் இருக்கும் ஜாடியை எடுக்க ஏணியில் ஏறி, கால் தவறி விழுந்தால்கூடத் தரை நம்மைத் தாங்கிக்கொள்கிறது. (கொஞ்சம் பலமாகவே தாங்கும் என்பது வேறு விஷயம்!) தரையே கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவரை இந்த வாரம் பார்த்துவிட்டு வரலாம். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு புறப்படுங்கள். கொஞ்ச தூரம் போக வேண்டியிருக்கிறது.

இந்தோனீசியாவில் சுலவேசி என்று ஒரு பெரிய தீவு இருக்கிறது. பழைய பூகோளப் புத்தகங்களில் செலிபீஸ் என்று போட்டிருப்பார்கள். கை கால்களை நாலு பக்கமும் நீட்டிப் படுத்திருப்பது போன்ற விசித்திரமான உருவம் அதற்கு. வடக்கே நீட்டிய கையின் நுனியில் மனாடோ என்ற பட்டணம். அங்கே படகு ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் புனாகென் என்ற சிறு தீவு வந்துவிடும். பக்கத்திலேயே கோபுரம் மாதிரி நிற்கிறது, மனாடோ துவா என்ற எரிமலைத் தீவு. பயப்படாதீர்கள், அது இப்போது நெருப்புக் கக்குவதில்லை.

புனாகென் கரையோரத்தில் படகிலிருந்து குனிந்து பார்த்தால், முதலில் தெரிவது ஆழமில்லாத பவழத் திட்டு. இளம் பச்சைத் தண்ணீர். அடியில் கோலம் போட்டது போலப் பவழங்கள். கொஞ்சம் தள்ளிப் போனதும் தண்ணீரின் நிறம் சட்டென்று மாறுகிறது. பச்சை மறைந்து, மைக்கூட்டைக் கவிழ்த்தது போன்ற கருநீலம்! நிறம் மாறுகிற அந்தக் கோடுதான் நம் சுவரின் விளிம்பு. மொட்டை மாடியின் ஓரத்தில் நின்று தெருவை எட்டிப் பார்ப்போமே, அதைப் போல எட்டிப் பார்க்கலாம். ஆனால் தெரு தெரியாது. எரிமலைகள் நிறைந்த அந்தப் பிரதேசத்தில் கடலின் தரை படிப்படியாக இறங்குவதில்லை. மனாடோ விரிகுடாவின் ஆழம் ஆயிரம் மீட்டருக்கும் மேலே போகிறது.

“எனக்கு நீச்சலே தெரியாதே!” என்கிறீர்களா? கவலை வேண்டாம். நாம் போவது காகிதக் கப்பலில். ஆனால் நிஜமாகவே இறங்குகிறவர்கள் நீந்தக் கற்றிருக்க வேண்டும். டாக்டரிடம் உடம்பைக் காட்டிச் சம்மதம் பெற வேண்டும். ஆழமில்லாத தண்ணீரில் பாடம் படித்துத் தேற வேண்டும். அதற்கெல்லாம் பிறகுதான் சுவர்.

கடலுக்குள் சுவாசிக்க உதவும் கருவி பிறந்த கதை சுவாரசியமானது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பிரான்ஸில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. வேறு வாயுக்களைக் கொண்டு கார் ஓட்டப் பார்த்தார்கள். அதற்காக எமில் காஞான் என்ற என்ஜினீயர் ஒரு வால்வு செய்திருந்தார். கப்பற்படை அதிகாரியான ழாக் கூஸ்தோ அவரைத் தேடிப் போனார். அந்த வால்வையே திருத்தி அமைத்து, மனிதன் மூச்சை இழுக்கும்போது மட்டும் காற்றைக் கொடுக்கும் கருவியாக இருவரும் மாற்றினார்கள். 1943-ல் கூஸ்தோ அதைக் கட்டிக்கொண்டு மத்தியதரைக் கடலில் இறங்கினார். நம் சமையலறையில் காஸ் சிலிண்டரின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறதே ரெகுலேட்டர், அதற்கு இது ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரும் ரெகுலேட்டர்தான்.

முதுகில் இருக்கும் சிலிண்டருக்குள் பிராணவாயு மட்டுமே இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். சாதாரணமாக அதில் இருப்பது நாம் இப்போது சுவாசிக்கிற இதே காற்றுதான். இரண்டு மூன்று பீரோக்களில் அடங்கும் காற்றை, ஒரு கைக்குழந்தை உயரமுள்ள சிலிண்டருக்குள் அமுக்கி அடைத்திருக்கிறார்கள். அவ்வளவே.

கற்றுக்கொள்ளும் முதல் பாடம், மூச்சை அடக்கக் கூடாது என்பது. தண்ணீர் என்றதும் மூச்சைப் பிடித்துக்கொள்வது நம் சுபாவம். இங்கே அது விபரீதம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே மூச்சை நிரப்பிக்கொண்டு, வாயை மூடியபடி மேலே வந்தால், உள்ளே இருக்கும் காற்று இரண்டு பங்காக உப்பும். நுரையீரல் என்ன செய்யும், பாவம்? கிழிந்துவிடும். ஆகையால் தாலாட்டுப் பாடுகிறவள் தொட்டிலை ஆட்டுவது போல, நிதானமாக இழுத்து, நிதானமாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சரி, இறங்குவோம். கூடவே ஒரு தோழியும் வருகிறாள். தனியாக இறங்குவது வழக்கமில்லை.

சுவர் என்றேனே தவிர, இதை ஒரு பெரிய அடுக்கு மாடிக் குடியிருப்பு என்றுதான் சொல்ல வேண்டும். கட்டியவர்கள் பவழப் பூச்சிகள். கடுகும் மிளகுமாக இருக்கும் இந்த ஜீவன்கள் சுண்ணாம்பைச் சுரந்து வீடு கட்டுகின்றன. வீட்டுக்குள் குடித்தனம் நடத்துவது தனியாக அல்ல. ஒவ்வொன்றின் உடம்புக்குள்ளும் நுண்ணிய பாசிகள் குடியிருந்து, வெயிலைக் கொண்டு ஆகாரம் சமைத்துக் கொடுக்கின்றன. வீட்டுக்காரருக்குச் சமைத்துப் போட்டே வாடகையைக் கழிக்கும் குடித்தனக்காரர்கள்! கட்டிடம் எழும்புகிற வேகத்தைக் கேட்டால் நம் ஊர் மேஸ்திரிகளே தேவலை என்பீர்கள். உருண்டையான பெரிய பவழங்கள் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம்.

மேல் மாடியில் வெளிச்சம் அதிகம், ஜனசந்தடியும் அதிகம். கடல் சாமந்தியின் விஷக் கொடுக்குகளுக்கு நடுவே, வெள்ளைக் கோடு போட்ட ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்கள் ஓடி விளையாடுகின்றன. அந்தக் குடும்பத்தில் எல்லாரையும்விடப் பெரியவள் எஜமானி. அவள் போய்விட்டால், அடுத்த ஸ்தானத்தில் இருக்கும் கணவனே பெண்ணாக மாறி எஜமானிப் பட்டத்தை ஏற்றுக்கொள்கிறான். அந்த வீட்டில் அதிகாரம் யாரிடம் என்ற கேள்விக்கே இடமில்லை!

இன்னும் கொஞ்சம் கீழே, சுவரில் உள்ள திட்டில் ஒரு பச்சை ஆமை தூங்குகிறது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் சாய்ந்த தாத்தாவைப் போல, நம்மை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்கிறது. அதையும் தாண்டினால் கடல் விசிறிகள். ஆள் உயரம்கூட வளரும் அந்த விசிறியின் கிளையில், இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லாத குட்டிக் கடற்குதிரை ஒட்டிக்கொண்டிருக்கும். விசிறியின் மொட்டுக்களைப் போலவே அதன் உடம்பிலும் புடைப்புகள், அதே நிறம். 1969-ல் நியூ கலிடோனியாவில், காட்சிசாலைக்காகப் பறித்து வந்த ஒரு விசிறியைச் சோதித்துப் பார்த்தபோதுதான் இப்படி ஒரு பிராணி இருப்பதே விஞ்ஞானிகளுக்குத் தெரிந்தது. கடற்குதிரைகளில் பிள்ளையைச் சுமப்பது தகப்பன். இந்தச் செய்தியை இன்று மாலை காப்பி கொடுக்கும்போது உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள்.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? இறங்க இறங்க எல்லாம் நீலமும் சாம்பலுமாக ஆகிவிட்டது. தோழியின் குங்குமச் சிவப்பு நீச்சல் உடை பழுப்பு நிறமாகத் தெரிகிறது. சாயம் போகவில்லை. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். கையிலுள்ள டார்ச்சை அடித்துப் பாருங்கள். அடேயப்பா! சாம்பல் பாறை என்று நினைத்தது தாழம்பூ மஞ்சள். பக்கத்தில் அரக்குச் சிவப்பு. அதற்கும் பக்கத்தில் ராமர் நீலம். பட்டுப் புடவைக் கடையில் சுருட்டி வைத்திருந்த புடவைகளைப் பிரித்துப் போட்டது போல இருக்கிறது. சூரிய வெளிச்சத்துக்குத் தெரியாத இந்த ஐசுவரியமெல்லாம் யாருக்காகவோ, தெரியவில்லை.

இந்த அழகில்தான் ஆபத்து இருக்கிறது.

மணல் தரையுள்ள கடலில் இறங்கினால், தரை வந்ததும் நின்றுவிடுவோம். இங்கே யார் நிறுத்துவது? கண் சுவரிலேயே பதிந்திருக்கிறது. ஆமை விழித்துக்கொண்டு கீழே போகிறது. அதன் பின்னாலேயே நாமும் போகிறோம். தண்ணீரோ பளிங்கு மாதிரித் தெளிவு. ஆழம் போவதே தெரியாது. ஆழம் கூடக் கூட நம் உடுப்பிலும் சட்டைப் பையிலும் உள்ள காற்று நசுங்கி, மிதக்கும் சக்தி குறைகிறது. அதனால் இன்னும் வேகமாக இறங்குகிறோம். ஆழம் நம்மைக் கை பிடித்து இழுப்பதில்லை. ‘போதும், நில்’ என்று சொல்வதுமில்லை.

செலவுக் கணக்கைப் பாருங்கள். 30 மீட்டரில் அழுத்தம் நாலு மடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் நாலு மூச்சின் காற்று செலவாகிறது. மேலே இரண்டு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட வரக்கூடிய சிலிண்டர், அங்கே அரைமணிகூடத் தாங்காது. மாதச் சம்பளம் ஒரே வாரத்தில் தீருகிற குடித்தனம்!

அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். மேலே அது பரம சாது. 30 மீட்டருக்குக் கீழே அது மூளையில் வேலையைக் காட்ட ஆரம்பிக்கிறது. லாகிரி சாப்பிட்டவர் போல மனசு லேசாகிவிடும். பயம் போய்விடும். எச்சரிக்கை பார்க்க வேண்டிய மானியைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றும். கூஸ்தோவின் கூட்டாளிகளில் மோரீஸ் ஃபார்க் என்பவர் மகா கெட்டிக்காரர். 1947-ல் எவ்வளவு ஆழம் போகலாம் என்று சோதிப்பதற்காக ஒரு கயிற்றை ஒட்டி இறங்கினார். கயிற்றில் ஆங்காங்கே பலகைகள் கட்டியிருந்தார்கள். போகிற ஆழத்துக்கு அத்தாட்சியாக அவற்றில் கையெழுத்திட வேண்டும். ‘சௌக்கியம்’ என்று கயிற்றை ஆட்டிச் சைகையும் கொடுத்தார். அதற்குப் பிறகு சைகை வரவில்லை. மேலே இழுத்தபோது உயிர் இல்லை. 120 மீட்டர் ஆழத்தில் இருந்த பலகையில் அவருடைய கையெழுத்து இருந்தது.

ஆகவே, தரை இல்லாத இடத்தில் இறங்குகிறவர்கள் தரையைத் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். புதிதாகக் கற்றவர்களுக்கு 18 மீட்டர். மேல்பாடம் படித்தவர்களுக்கு 30 மீட்டர். உல்லாசமாக முழுகுகிறவர் யாராயிருந்தாலும் 40 மீட்டரே எல்லை. 40 மீட்டர் என்பது பன்னிரண்டு மாடிக் கட்டிட உயரம். இன்றைக்கு எவ்வளவு ஆழம் என்பதைப் படகில் இருக்கும்போதே பேசி முடிவு செய்துவிட வேண்டும். கீழே போய் முடிவு செய்யக் கூடாது. கீழே போனபின் புத்தி நம்முடையதாக இருக்கும் என்று நிச்சயமில்லை. புடவைக் கடைக்குள் நுழையும் முன்பே பட்ஜெட்டை முடிவு செய்துகொள்ளும் சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தோழி எதற்கு என்பதும் இப்போது விளங்கும். என் மானியை அவளும், அவள் மானியை நானும் பார்க்க வேண்டும். என் காற்று தீர்ந்தால் அவள் சிலிண்டரிலிருந்தே நான் சுவாசிக்க இன்னொரு வாய்க்குழாய் தயாராக இருக்கிறது. பேச முடியாதாகையால் எல்லாம் கை ஜாடை. மேலே நாம் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினால் ‘பேஷ்’ என்று அர்த்தம். கடலுக்குள் அதற்கு ‘மேலே போகலாம்’ என்று அர்த்தம். இருவரில் ஒருவர் அந்த ஜாடையைக் காட்டிவிட்டால், மற்றவர் ‘ஏன், எதற்கு?’ என்று கேட்கக் கூடாது. உடனே திரும்ப வேண்டும். வீடுகளில்கூட இப்படி ஒரு ஜாடை இருந்தால் எத்தனையோ மனஸ்தாபங்கள் மிச்சமாகும்.

நாம் 18 மீட்டரில் நிற்கிறோம். கீழே சுவர் போய்க்கொண்டே இருக்கிறது. அங்கே யார் இருக்கிறார்கள்? அதற்குப் பதில் கிடைத்தது கடலுக்குள் அல்ல, மனாடோவின் மீன் கடைத் தெருவில்!

முதலில் பழைய கதை. 1938 டிசம்பரில், தென் ஆப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் நகரத்துக் காட்சிசாலையை நடத்தி வந்த குமாரி மார்ஜோரி கோர்ட்னே-லாடிமர், மீன்பிடிக் கப்பலில் குவிந்து கிடந்த மீன்களுக்கு நடுவே விசித்திரமான ஒன்றைப் பார்த்தார். கால்கள் மாதிரித் தடித்த துடுப்புகள் அதற்கு. நாற்றமடிக்கும் மீனை ஏற்ற மாட்டேன் என்ற டாக்ஸிக்காரரோடு வாதாடி அதைக் கொண்டு சேர்த்தார். படம் வரைந்து நிபுணருக்கு அனுப்பினார். டைனோசார்களோடு சுமார் 6 கோடியே 60 லட்சம் வருஷங்களுக்கு முன்பே பூண்டற்றுப் போனதாக எண்ணியிருந்த சீலகாந்த் அது! அதன் விஞ்ஞானப் பெயரில் இன்றைக்கும் லாடிமர் இருக்கிறார்.

பிறகு கொமோரோ தீவுகளின் பக்கம் இந்த மீன் கிடைத்தது. உலகில் வேறெங்கும் இல்லை என்றே முடிவு கட்டியிருந்தார்கள். 1997 செப்டம்பர் 18-ந் தேதி, கல்யாணமான புதிதில் கணவரோடு மனாடோவுக்கு வந்திருந்த ஸ்ரீமதி அர்னாஸ், கடைத் தெருவில் ஒரு தள்ளுவண்டியில் போய்க்கொண்டிருந்த பெரிய மீனைப் பார்த்து, “அது என்ன?” என்று காட்டினார். கணவர் மார்க் எர்ட்மன் கடல் ஆராய்ச்சியாளர். சீலகாந்த் என்று அடையாளம் கண்டுகொண்டார். கொமோரோவிலிருந்து 10,000 கிலோமீட்டர் தள்ளி! படம் மட்டும் எடுத்தார்கள். மீன் விலை போய்விட்டது. பிறகு செம்படவர்களைத் தேடித் தேடி விசாரித்தார்கள். “ஓ, அதுவா? ராஜா லாவுட்!” என்றார்கள் சிலர். சமுத்திர ராஜா என்று அர்த்தம். ‘ராஜா’ அவர்களுக்கும் ராஜாதான். 1998 ஜூலை 30-ந் தேதி மனாடோ துவாத் தீவருகே ஆழத்தில் விரித்த வலையில் ராஜா சிக்கினார். மேலே வந்து சில மணி நேரமே உயிரோடிருந்தார். அப்போது அவர் அருகில் அர்னாஸ் நீந்தும் படம் உலகமெல்லாம் பிரசுரமாயிற்று. அடுத்த வருஷம் இது தனி ஜாதி என்று பெயரும் சூட்டினார்கள்.

செம்படவர்கள் அறிந்திருந்த ராஜாவை விஞ்ஞானம் அறிந்துகொண்டது, மீன் வண்டியைக் கவனித்துப் பார்த்த ஒரு பெண்ணின் கண்ணால். மீன் வாங்கப் போகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

ராஜாவின் அரண்மனை 100, 150 மீட்டருக்குக் கீழே. 2024-ல் மலுக்குத் தீவுகளின் பக்கம், விசேஷ வாயுக் கலவையும் நெடுநாள் பயிற்சியும் உள்ளவர்கள் 144 மீட்டர் ஆழத்தில் அவரைப் படமெடுத்து வந்தார்கள். நமக்கு அந்த அழைப்பு இல்லை. தோழி கட்டை விரலைக் காட்டுகிறாள். திரும்புவோம்.

மேலே போவதிலும் அவசரம் கூடாது. அழுத்தத்தில் உடம்புக்குள் கரைந்த நைட்ரஜன் மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். சோடா பாட்டிலைச் சட்டென்று திறந்தால் என்ன ஆகிறது? ரத்தத்திலும் அதே கதிதான். மூட்டுகளில் சகிக்க முடியாத வலி வரும். சிலருக்குப் பக்கவாதமும் வரும். நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது. 5 மீட்டரில் மூன்று நிமிஷம் நிற்க வேண்டும். படகு மேலே ஆடுவது தெரிகிறது; வெயில் தெரிகிறது; ஆனாலும் நிற்க வேண்டும். படகுக்காரர் நங்கூரம் போடவில்லை. போட்டால் பவழம் நொறுங்கும். நம் மூச்சுக் குமிழிகளைப் பார்த்துக்கொண்டே நீரோட்டத்தோடு பின்னால் வந்திருக்கிறார்.

இந்த மூன்று நிமிஷத்தில் மேல் மாடியை இன்னொரு தடவை பாருங்கள். நமக்குக் கீழே ஓர் எல்லை இருப்பது போலப் பவழத்துக்கு மேலே ஓர் எல்லை உண்டு. தண்ணீர் இறங்குகிற மட்டத்துக்கு மேல் அது வளராது. தலைமுறை தலைமுறையாக அளந்து, அந்த மட்டத்தை ஒட்டி வீடு கட்டி வைத்திருந்தது. 2015-ல் பசிபிக் சமுத்திரத்தில் எல் நினோ என்ற கோளாறு பலமாக வந்தது. புனாகெனில் கடல் மட்டம் சுமார் 15 சென்டிமீட்டர் இறங்கியது. ஒரு சாண்கூட இல்லை! மேலே இருந்த பவழங்கள் வெயிலில் காய்ந்து மடிந்தன. ஆழத்தில் இருந்தவை பிழைத்தன. பவழம் அதிகச் சூட்டால் வெளிறிச் சாகும் என்பதை நாம் அறிவோம். ஒரு சாண் தண்ணீர் குறைந்தாலும் சாகும் என்பதை அந்த வருஷம் காட்டியது.

மனிதர்கள் செய்வது வேறு. மழைக் காலத்தில் மனாடோ ஆற்றில் அடித்து வரும் பிளாஸ்டிக் பைகள் தீவின் கரையெல்லாம் ஒதுங்குகின்றன. ஆமைக்கு அது சொறிமீன் மாதிரித் தெரிகிறது, விழுங்கிவிடுகிறது. வெடி வைத்து மீன் பிடித்தவர்களும் உண்டு. 1991-ல் இந்தப் பகுதியைத் தேசியப் பூங்காவாக ஆக்கினார்கள். 2001-ல் பார்க்க வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கி, அதில் ஒரு பங்கைக் கிராமங்களுக்குக் கொடுத்தார்கள். கிராமத்தார் காவலர்களோடு சேர்ந்து ரோந்து போனார்கள். எல்லை என்பதைக் கடல் போட்டுத் தராது. குடியிருப்பவர்கள்தான் போட்டுக் காக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மூன்று நிமிஷம் ஆகிவிட்டது. மேலே வாருங்கள். துண்டும் சூடான தேநீரும் காத்திருக்கின்றன. முழுகுகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கணக்குப் புத்தகம் வைத்திருப்பார்கள். எவ்வளவு ஆழம், எத்தனை நிமிஷம், எவ்வளவு காற்று மிச்சம் என்று எழுதிக்கொள்ள வேண்டும். நம் கணக்கு: 18 மீட்டர், 45 நிமிஷம், கால் சிலிண்டர் மிச்சம்.

ராஜாவைப் பார்க்காமல் வந்துவிட்டோமே என்று குறைப்படாதீர்கள். அவர் அரண்மனையில் அவர் சௌக்கியமாக இருக்கட்டும். போனவர் இருவரும் திரும்பி வந்தோம். கணக்கில் அதுதான் முக்கியம். அடுத்த வாரம் வேறோர் இடத்துக்குப் போவோம். அங்கே தரை உண்டு.